பதினேழாம் நம்பர் பெட்டி

சென்ற மாதம் எனக்கு ஒரு படிவம் வந்தது. நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அறக்கட்டளைதான் அனுப்பியிருந்தது. நீலகிரி எஸ்டேட்டுகளில் இருக்கும் குழந்தைகளுக்குத் தகரப் பெட்டிகளில் கதைப் புத்தகங்கள் அனுப்பும் அறக்கட்டளை அது. பெட்டிக்குள் எந்தப் புத்தகம் போகலாம், எது போகக்கூடாது என்று பார்த்துப் பொறுக்குவது என் வேலையாக இருந்தது.

படிவத்தின் தலைப்பு, 'சிறார் நூல்களில் தவிர்க்க வேண்டியவை'. கீழே பத்து வரிகள். முதல் நான்கை அவர்களே நிரப்பியிருந்தார்கள்: மரணம், பயம், வீட்டுச் சண்டை, விலங்கு தாக்குதல். மிச்சம் ஆறையும் நான் என் அனுபவத்திலிருந்து நிரப்பித் தர வேண்டுமாம். புதிய பொறுப்பாளர் பிரவீண் போனில் மரியாதையாகத்தான் பேசினார்.

"பாசிட்டிவ்வா இருக்கற புக் மட்டும் போதும்னு முடிவு பண்ணிட்டோங்க மேடம். பேரண்ட்ஸ் யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணிறக் கூடாது பாருங்க."

"பண்ணினா என்னங்க தம்பி ஆகும்?"

"அது ரிஸ்க்குங்க மேடம்" என்றார்.

ஒரு தாய் என்னிடம் நேருக்கு நேராகச் செய்த புகார்தான் இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தக் கதை தெரியாமல் யாரும் அந்தப் படிவத்தைத் தொடக்கூடாது என்பது என் கட்சி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் அருவங்காடு பாக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அறக்கட்டளையில் சேர்ந்ததும் கோயமுத்தூரில் ஒரு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். புத்தகத்துக்கு எண் போடவும் முதுகில் சீட்டு ஒட்டவும் கற்றுக்கொண்டேன். மிச்சத்தை மலையும் மழையும் கற்றுக்கொடுத்தன.

குன்னூரில் எங்கள் அலுவலகம். ஒரு பெட்டிக்கு நாற்பது புத்தகம். ஒவ்வொரு எஸ்டேட்டுக்கும் ஒரு பெட்டி; ஆறு வாரம் அங்கே இருக்கும், பிறகு புத்தகம் மாற்ற எங்களிடம் திரும்பி வரும். எஸ்டேட்டில் அதைப் பிள்ளைக் காம்பராவில் வைப்பார்கள். தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது சிறு பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்துக்கு அதுதான் பெயர். பள்ளி விட்டதும் பெரிய பிள்ளைகளும் அங்கே வந்து பெட்டியைக் கிளறுவார்கள். ஆடி மாதத்தில் கூடலூர்ப் பக்கம் போய்வந்த பெட்டியைத் திறந்தால் புத்தகங்கள் ஊறிய அவல் மாதிரி இருக்கும். தேயிலைப் பாக்டரி மேல்மாடியில் இலை வாட்டும் இடத்தில் சூடான காற்று அடிக்கும் அல்லவா, அங்கே கெஞ்சிக் கூத்தாடி இடம் வாங்கி, விரித்து வைத்துக் காயவைப்போம். எங்கள் புத்தகங்களுக்கு எப்போதும் தேயிலை வாசம் உண்டு.

எங்கள் செயலாளர் சின்னச்சாமி சார். மேட்டுப்பாளையத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். மலைக்கு வந்து பதினைந்து வருடமாகியும் மஃப்ளரைக் கழுத்திலிருந்து எடுத்ததில்லை. மூன்று வயதுக் குழந்தையைக்கூட 'வாங்க, உக்காருங்க' என்பார். புத்தகம் பார்க்கும்போது மட்டும் உட்காரமாட்டார். ஜன்னல் ஓரம் நின்று, புத்தகத்தை நடுவில் விரித்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து மெல்ல அழுத்துவார். 'சடக்' என்று ஒரு சத்தம் கேட்டால் பசை வைத்து ஒட்டியது, ஒரு மழைக்குத் தாங்காது. தள்ளிவிடுவார். சத்தம் கேட்காவிட்டால் நூல் தையல். அடுத்தபடியாக நேரே கடைசிப் பக்கத்துக்குப் போவார். கதை நல்ல விதமாக முடிகிறதா என்று அங்கேதான் பார்ப்பார். அதிலும் தேறினால்தான் முதல் பக்கம்.

என் முறை வேறு. கடையில் கிழித்துக் கொடுக்கும் பில் அளவுக்கு ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படத்தின் கீழே இருக்கும் எழுத்தை மறைத்துவிடுவேன். எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு பிள்ளையிடம் கொடுத்து, கதையைச் சொல்லச் சொல்வேன். படத்தைப் பார்த்தே பிள்ளை கதையைச் சொல்லிவிட்டால் அது படக்கதை. சொல்ல முடியாவிட்டால் ஓவியர் சும்மா கூலிக்கு வரைந்திருக்கிறார் என்று அர்த்தம்.

இப்படித்தான் ஒருமுறை தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய அழகான புத்தகம் ஒன்று வந்தது. வழவழப்பான தாள், தையல் பைண்டிங், நல்ல முடிவு. சார் உடனே ஒப்புக்கொண்டார். நான் தாளை வைத்து மறைத்து ஐந்து வயதுப் பெண் ஒருத்தியிடம் கொடுத்தேன். படத்தில் ஒரு பெண் பூப்போட்ட சேலையோடு சிரித்துக்கொண்டே இலை பறிக்கிறாள்.

"இந்தக்கா வேலைக்குப் புதுசுங்களா?" என்று கேட்டாள் அவள்.

"ஏஞ்சாமி?"

"இடுப்புல படங்கு கட்டலீங்க. செடி குத்திச் சேலை கிழிஞ்சிரும். கையில வெச்சிருக்கறதும் கொழுந்தில்லீங்க, முத்தின இலை. கங்காணி வெரட்டீருவாரு."

இடுப்பில் சாக்கு கட்டாமல் தேயிலைச் செடிக்குள் நுழைய முடியாது என்பது ஐந்து வயதுக்குத் தெரிந்திருக்கிறது, ஓவியருக்குத் தெரியவில்லை. அந்தப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பினேன். சாருக்கு வருத்தம்தான். 'படத்துலகூடச் சிரிக்கக்கூடாதுங்களா' என்றார். 'சிரிக்கட்டுங்க சார், படங்கு கட்டிக்கிட்டுச் சிரிக்கட்டும்' என்றேன். இவ்வளவு விவரமாக இருந்த நான்தான் அடுத்து சொல்லப்போகும் தவறைச் செய்தேன்.

எங்கள் அலுவலகத்தில் எஸ்டேட்டுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் இல்லை. பெட்டி நம்பர்தான். 'ஒன்பதாம் நம்பர் திரும்பிருச்சா?', 'பதினொன்னுக்கு லாரி போகுதாம்' என்றுதான் பேச்சு நடக்கும். தேவாலாவுக்கு அப்பால் உள்ள ஒரு எஸ்டேட் எங்களுக்குப் பதினேழு.

ஒருநாள் பேப்பரில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. காலையில் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தொழிலாளியை யானை அடித்துக் கொன்றுவிட்டது. வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தைத்தான் எஸ்டேட்டில் பெரட்டு என்பார்கள். பனி மூட்டத்தில் எதிரே யானை நின்றது அவருக்குத் தெரியவில்லையாம். எஸ்டேட் பெயர், இறந்தவர் பெயர், மனைவியும் ஒரு மகளும் உண்டு என்பது எல்லாம் போட்டிருந்தது. நான் வாசித்தேன். ஐயோ பாவம் என்று வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். அதே வாரம் பதினேழாம் நம்பர் பெட்டியை அடுக்கினேன். யானை இருக்கும் ஊராயிற்றே, பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று, ஒரு வீட்டு வாசலுக்கு வந்து பலாப்பழம் கேட்டுத் தும்பிக்கையாட்டிக் கூத்தடிக்கும் குண்டு யானையின் புத்தகத்தை எல்லாவற்றுக்கும் மேலே அட்டை தெரியும்படி வைத்தேன்.

பேப்பரில் படித்த எஸ்டேட்டும் பதினேழும் ஒன்று என்பது, பிள்ளைக் காம்பராவிலிருந்து போன் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இறந்தவரின் மகள் ஜெயந்தி, எட்டு வயது, அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறாள். அவள் தாய் ராசம்மா அதைக் கொண்டுவந்து பெட்டிக்குள் எறிந்துவிட்டு, 'இத அனுப்புன ஆள நான் பாக்கணும்' என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாளே போனேன். குன்னூரிலிருந்து ஊட்டி, அங்கிருந்து கூடலூர், தேவாலா என்று மூன்று பஸ். வழி முழுக்க மழை. மன்னிப்புக் கேட்பதற்கு என்னென்னவோ வாக்கியம் யோசித்துக்கொண்டு போனேன். ராசம்மா லயத்து வாசலில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு முன்னால், நின்றிருந்தார். சிலோனிலிருந்து சிறு பிள்ளையாகக் கப்பலில் வந்தவர். கோபத்தில் குரல் உயரவே இல்லை.

"பேப்பர்ல போட்டிருந்தாங்களே, டீச்சரம்மா. நீங்க படிச்சவங்கதானே?"

"படிச்சேங்க" என்றேன்.

"படிச்சுமா அனுப்புனீங்க?"

எங்களுக்கு உங்கள் ஊர் ஒரு நம்பர் என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு பெட்டியைத் திறந்தேன். அந்தப் புத்தகத்தோடு, யானைப் படம் இருந்த இன்னும் இரண்டையும் எடுத்துப் பைக்குள் போட்டேன். அதுதான் பரிகாரம் என்று நினைத்தேன். ஜெயந்தி கதவோரம் நின்று நான் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் பொய் யானை" என்றாள். "நெசம் யானை புத்தகம் எங்க?"

"சும்மா இரு, புள்ள" என்றார் ராசம்மா.

"இல்லம்மா. எல்லாரும் என்னையப் பாத்தா பேச்ச நிப்பாட்டிர்றாங்க. புத்தகத்துலயாவது இருக்கும்ல?"

நான் தவறை இரண்டு முறை செய்திருக்கிறேன் என்று அப்போது புரிந்தது. யோசிக்காமல் அனுப்பியது முதல் தவறு. யோசிக்காமல் பிடுங்கிக்கொண்டது இரண்டாவது. தேடுகிறேன் சாமி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

தேடினேன். ஆறேழு மாதம் பதிப்பகங்களுக்கெல்லாம் கடிதம் எழுதினேன். யானை பல் தேய்த்தது, சைக்கிள் ஓட்டியது, பிறந்தநாள் கொண்டாடியது. காட்டு யானை ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு சிறிய பதிப்பகத்தின் மாதிரிக் கட்டுக்குள் ஒரு மெல்லிய படக்கதை கிடைத்தது. அதன் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் பிரவீண் தம்பியின் பட்டியலில் முதல் ஆளாக ஏறிவிடும். காட்டோரம் ஒரு வீடு. பனியில் அப்பா விறகுக்குப் போகிறார். குட்டியோடு ஒரு யானை எதிரே நிற்கிறது. அடுத்த பக்கம் முழுக்க வெள்ளைப் பனி. அப்புறம் வாசலில் அவருடைய செருப்பு, பல பக்கங்களுக்கு மழையிலும் வெயிலிலும் அப்படியே கிடக்கிறது. கடைசிப் பக்கத்தில் மகள் அந்தச் செருப்பை எடுத்து வீட்டுக்குள் வைக்கிறாள். அங்கே எழுத்தே கிடையாது.

சின்னச்சாமி சார் ஜன்னலோரம் நின்று காதில் வைத்து அழுத்தினார். சத்தம் இல்லை, தையல்தான். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். தாளைத் தூக்கிப் பார்த்து, பின் அட்டையையும் பார்த்தார்.

"ஏனுங்க கோகிலாம்மா, முடிவு எங்கீங்க?"

"அதாங்க சார் முடிவு."

"புள்ளைங்களுக்குப் புஸ்தகம் ஆறுதலா இருக்கோணுங்க. அழ வெக்கறதுக்கா நாம பொட்டி அனுப்பறோம்?"

"அந்தப் புள்ள அழுதுக்கிட்டுத்தானுங்க இருக்குது. கூட இருக்க ஒரு துணை கேக்குது."

"தெரியுமுங்க. ஆனா பொட்டி ஒரு புள்ளைக்குப் போகலை, நாற்பது புள்ளைக்குப் போகுது. மிச்சம் முப்பத்தொம்பது தாயும் வந்து கேட்டா நான் என்னங்க பதில் சொல்றது?"

அது நியாயமில்லாத கேள்வி என்று சொல்லமாட்டேன். தேர்வுக் கமிட்டியில் ஐந்து பேர். எல்லோரும் பக்கத்தைப் புரட்டினார்கள், உச்சுக்கொட்டினார்கள், வேண்டாம் என்றார்கள். அவ்வளவு படித்தவர்கள், சாவை மட்டும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல் மறைத்துவிடலாம் என்று நம்பினார்கள். அந்தப் பிள்ளை சாவைப் பார்த்தாயிற்று. யாரிடம் மறைக்கிறோம்?

எங்கள் விதிப்படி, கமிட்டி வேண்டாம் என்ற மாதிரிப் பிரதியில் 'நீக்கப்பட்டது' என்று முத்திரை குத்த வேண்டும். முத்திரை விழுந்த புத்தகம் எந்தப் பெட்டிக்குள்ளும் போகக்கூடாது. நானே குத்தினேன், முதல் பக்கத்தில், நன்றாக அழுத்தி. அப்புறம் அதை என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஒருநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு தேவாலாவுக்குப் பஸ் ஏறினேன். கைப்பையைப் பற்றி விதியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இந்த முறை பிள்ளையிடம் நேரே போகவில்லை. ராசம்மா மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்வரை காத்திருந்தேன். 'நீங்க பாருங்க. வேண்டாம்னா எடுத்துக்கிட்டுப் போயிர்றேன்' என்று அவர் கையில் கொடுத்தேன். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. லயத்துப் படியில் உட்கார்ந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு படமாகப் பார்த்தார். இதிலும் நான் தவறினால் இன்னொரு முறை அந்த லயத்து வாசலை மிதிக்க முடியாது. செருப்புப் படம் வந்ததும் ராசம்மாவின் கை நின்றது.

"எங்க காம்பராவுல கம்பளி" என்றார்.

நான் அவர்கள் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். மழைக்குப் போர்த்திப் போகும் அவர் வீட்டுக்காரரின் கம்பளி, கதவுக்குப் பின்னால் ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ராசம்மா கடைசிப் பக்கம்வரை பார்த்து முடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏ ஜெயந்தி, இங்க வா. நெசம் புத்தகம் வந்திருக்கு."

ஜெயந்தி படித்தாள். நானும் தாயும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அழுவாள், கட்டிப்பிடிப்பாள் என்று என்னென்னவோ நினைத்திருந்தேன். அவள் நடுப்பக்கத்துக்குத் திரும்பிப்போய், யானையின் தந்தத்தின் மேல் விரலை வைத்து, "இது தப்பு" என்றாள்.

"என்ன சாமி தப்பு?"

"கொம்பு போட்டிருக்காங்க. குட்டியோட வர்றது பொம்பள யானை. அதுக்குக் கொம்பு இருக்காது. கொம்பன் தனியாத்தான் வருவான்." விரலை எடுக்காமலே, "அப்பாவ அடிச்சதும் பொம்பள யானைதான். குட்டி கூட இருந்துச்சு. குட்டிக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயந்துதான் அடிச்சிச்சு. கொம்பு வரைஞ்சா அது சும்மா சண்டைக்கு வந்த மாதிரி ஆயிரும்ல?" என்றாள்.

ஐந்து பேர் கமிட்டி பார்த்தது. சார் பார்த்தார். ஆறேழு மாதம் தேடிக் கண்டுபிடித்த நானும் பார்த்தேன். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. எங்களுக்கெல்லாம் சாவுதான் தெரிந்தது. அவளுக்கு யானை தெரிந்தது. ராசம்மா உள்ளே போய் ஒரு பழைய பிளேடைக் கொண்டுவந்தார். தாயும் மகளும் தாள் கிழியாமல் அந்தக் கொம்பைச் சுரண்டி எடுத்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் ஒரு மாதத்தில் அலுவலகத்துக்கு எட்டிவிட்டது. எனக்கு மெமோ வந்தது. புத்தகத்தைப் பெட்டியில் வைக்கவில்லை, முத்திரையும் குத்தியிருக்கிறேன் என்று பதில் எழுதினேன். வருத்தம் தெரிவிக்கிறேன் என்ற வரியை எழுதச் சொன்னார்கள். வருத்தமில்லை, அதனால் எழுதவில்லை. என்னைத் தேர்விலிருந்து தூக்கிப் பைண்டிங் அறைக்குப் போட்டார்கள். ஒரு வருடம் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து, பூச்சி அரித்த புத்தகங்களுக்கு முதுகு கட்டினேன். அந்த ஒரு வருடமும் நான் எதிர்பார்த்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் மத்தியானம் சார் பைண்டிங் அறைக்கு வந்தார். அங்கேயும் உட்காரவில்லை.

"அந்தப் புள்ள என்னங்க சொல்லுச்சு?"

கொம்பு விஷயத்தைச் சொன்னேன். மஃப்ளரைச் சரிசெய்துகொண்டார்.

"அத நாம பாக்கலீங்களே" என்றார்.

அடுத்த மாதம் என்னை மறுபடியும் தேர்வுக்கே போட்டார். மனம் மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஓய்வு பெறும்வரை அந்தப் புத்தகத்தை அவர் பெட்டிக்குள் விடவே இல்லை. 'உங்க எடத்துக்கு வந்தவரு எல்லாப் புஸ்தகத்துக்கும் சரின்னு சொல்றாருங்க, வேற வழியில்லை' என்றுதான் என்னைத் திரும்ப எடுத்ததற்குக் காரணம் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு பெட்டிகள் மேல் நம்பருக்குக் கீழே எஸ்டேட் பெயரையும் பெயிண்டில் எழுதச் சொன்னார். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். நான் பட்டது அப்படிப்பட்ட கையால்தான்.

படிவத்துக்கு வருகிறேன். அதை எடுத்துக்கொண்டு போன வாரம் தேவாலாவுக்குப் போனேன். ஜெயந்திதான் இப்போது அந்தப் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பு. கொம்பு சுரண்டிய புத்தகம் அவளுடைய அலமாரியில் இருக்கிறது. முத்திரை மங்கிவிட்டது. கேட்கிற பிள்ளைக்கு மட்டும், தாயிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்துக் கொடுப்பாளாம். படிவத்தை நீட்டினேன். நின்றவாக்கில் வாசித்தாள்.

"மரணம், பயம், வீட்டுச் சண்டை, விலங்கு தாக்குதல்" என்று சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தாள். "அப்ப எங்க லயத்து ஆளுங்க யாரும் புத்தகத்துக்குள்ள வரக்கூடாதா, டீச்சரம்மா?"

"அனுபவசாலி நிரப்பித் தரணுமாம். நீயே எழுது."

அச்சடித்திருந்த நான்கு வரியையும் ஒரே கோடாக அடித்தாள். ஐந்தாவது வரியில், நிதானமாக, குண்டு எழுத்தில் எழுதினாள்: 'குட்டியோடு வரும் யானைக்குக் கொம்பு வரைந்த புத்தகம்.' மிச்சம் ஐந்து வரியையும் காலியாக விட்டுவிட்டுப் படிவத்தை என்னிடம் தந்தாள்.

நான் கீழே கையெழுத்துப் போட்டு, தேவாலா தபாலாபீசிலேயே சேர்த்துவிட்டு வந்தேன்.